பழப்பெட்டிக்குள் போன நானூறு கணக்குகள்

ராயப்பன்பட்டி
7 அக்டோபர் 2024

அன்பு மகள் கிளாராவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நீ பதினாலு நாளாக என் போனை எடுக்கவில்லை, அம்மாவின் போனை மட்டும் எடுக்கிறாய். அதனால் நீ சுகம்தான், என்மேல் கோபமும் சுகமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நான் கடிதம் எழுதி இருபத்து நாலு வருசம் ஆகிறது. கடைசியாக எழுதியது உன் அம்மாவுக்கு, கல்யாணம் பேசி முடித்த புதிதில். அதில் எட்டு எழுத்துப்பிழை இருந்ததாக இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். இதைப் படித்துவிட்டு நீயும் எண்ணிக்கொள்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். போனில் சொல்ல விடாமல் வைத்துவிட்டாய். அன்றைக்கு நம் தோட்டத்தில் திராட்சை வெட்டு. மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டப்பனை லாரி வரப்போரம் வந்து நின்றாயிற்று. பெட்டிக்கு அடியில் விரிக்கும் பழைய பேப்பர் தீர்ந்துபோனது. டிரைவர் சங்கிலி, ஹாரனை அடித்துக்கொண்டே, "அண்ணே, மழை விழுந்தா பழம் போச்சு, ஏத்தட்டுமா வேணாமா?" என்றான். வீட்டுக்கு ஓடினேன். பரணில் சணல் கட்டிய ஒரு கட்டு இருந்தது. ஒரு தாளை உருவிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை எழுதி, குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தது. இன்னொன்றை உருவினேன். அதுவும் அடித்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் அடித்த கணக்கு என்றால் தப்பான கணக்கு. பிள்ளை தப்புத் தப்பாகப் போட்டுத் தூக்கி எறிந்தது என்று நினைத்துவிட்டேன். பெட்டிக்கு ஐந்தாறு தாள் வீதம் விரித்து அனுப்பிவிட்டேன்.

அது நீ மூணு வருசம் மதுரையில் இருந்து போட்ட பயிற்சிக் கணக்கு என்று நீ கேட்டபோதுதான் தெரிந்தது. அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "போனா போகுது, கேரளாக்காரவுக திராட்சையோட சேத்து கணக்கும் படிச்சுக்கட்டும்" என்று சொன்னேன். சிரிப்பாய் என்று நினைத்தேன். எனக்குப் பயம் வந்தால் வாயில் பகடிதான் வரும். அது உனக்குத் தெரியும் என்றும் நினைத்தேன்.

தப்பு என்னுடையது. குறுக்கே கோடு போட்டு அடிக்க வேண்டியது என்னைத்தான்.

உன் அப்பா
மரிய ஜோசப்


மகளிர் விடுதி, சென்னை
14 அக்டோபர் 2024

அப்பா,

கடிதம் கிடைத்தது. பிழைகள் ஐந்து. எண்ணச் சொன்னீர்கள், எண்ணினேன்.

அது "ஒரு கட்டு" இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள். தாளுக்கு ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்துக் கணக்கு போல இரண்டு வரியில் விடை வருவது இல்லை. "இது உண்மை என்று நிரூபி" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு ஒரு நாள் ஆகும், சிலதுக்கு ஒரு வாரம். முதலில் ஒரு வழியில் போவேன், அது முட்டிக்கொண்டு நிற்கும். கோடு போட்டு அடிப்பேன். அழிக்க மாட்டேன், அடிக்க மட்டும் செய்வேன். எந்த வழியில் போனால் முட்டும் என்பதும் தெரிய வேண்டும் அல்லவா. நீங்கள் குப்பை என்று நினைத்த கோடுகள்தான் அந்தத் தாள்களிலேயே முக்கியமானவை. சரியான வழி பெரும்பாலும் தாளின் பின்பக்கம் இருக்கும். நீங்கள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜனவரியில் ஆராய்ச்சிப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. விண்ணப்பிக்கக் கடைசி நாள் நவம்பர் 5. நான் விண்ணப்பிக்கப் போவது இல்லை. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஏதாவது வேலை பார்க்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

பகடி பற்றி எழுதியிருந்தீர்கள். நான் பிளஸ் டூவில் கணக்குதான் படிப்பேன் என்று சொன்னபோதும் பகடிதான் செய்தீர்கள். கல்லூரியில் சேர்ந்தபோதும். எல்லாமே உங்களுக்கு ஒரு சிரிப்பு. நீங்கள் ஒருநாளும் என் படிப்பைப் பெரிதாக நினைத்ததில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

போனில் பேசினால் சண்டை வரும். ஏதாவது சொல்வதாக இருந்தால் எழுதுங்கள்.

கிளாரா


ராயப்பன்பட்டி
20 அக்டோபர் 2024

அன்பு மகள் கிளாராவுக்கு,

ஐந்து பிழைதானா? அம்மாவிடம் காட்டினேன். "எனக்கு எட்டு, மகளுக்கு அஞ்சு, ஓரவஞ்சனை" என்றாள்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை கம்பம் போய், மலைமேல் மெட்டு வழியாகக் கட்டப்பனை பஸ் பிடித்தேன். நம் பழம் இறங்கிய மண்டியில் விசாரித்தால், எழுபது பெட்டியும் பன்னிரண்டு கடைக்குப் பிரிந்து போயிருந்தது. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். "பேப்பரா? எந்த பேப்பர்?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். ஒரு கடையில் உன் தாள் ஒன்றில் வாழைக்காய் சிப்ஸ் மடித்து, என் கண் முன்னாலேயே ஒரு பெரியவர் வாங்கிக்கொண்டு போனார். பின்னாலேயே ஓடினேன். "சேட்டா, சிப்ஸ் நீங்க வச்சுக்கங்க, பேப்பரை மட்டும் குடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிப்ஸையும் சேர்த்து என் கையில் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். சிப்ஸ் நன்றாக இருந்தது.

கடைசிக் கடை சசிதரன் என்பவருடையது. பெட்டியைப் பிரித்தபோது தாளில் தலைகீழாக நிற்கிற இங்கிலீஷ் ஏ, முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிற ஈ எல்லாம் இருந்ததாம். அவர் சம்சாரம் பயந்துவிட்டார்.

"இது மந்திரவாதமாக்கும், குப்பையில போட்டா நமக்குத்தான் தோஷம்னு அவ சொல்லி. அதான் எடுத்து வச்சேன்" என்றார். தாள்களை மஞ்சள் துணியில் சுற்றி, கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருந்தார்.

"மந்திரமெல்லாம் இல்ல சேட்டா. எம்மக போட்ட கணக்கு" என்றேன்.

"கணக்கில் நம்பரு எங்கே?"

"அதெல்லாம் தாண்டிப் போயிட்டா" என்று சொல்லி வைத்தேன். அவருடைய சம்சாரம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, தாளை நான் வெறுங்கையால் வாங்குவதை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அங்கே பத்து, சிப்ஸ் தாள் ஒன்று. ஆக மொத்தம் பதினொன்று. இத்துடன் வைத்திருக்கிறேன். திராட்சைச் சாறு ஊறி நான்கு தாள் ஊதாவாகிவிட்டது. இரண்டில் கீழ்ப்பாதி கிழிந்துபோனது. மீதி நானூற்றொன்றும் கிடைக்காது. பொய் சொல்ல மனசில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாவற்றையும் பார்த்தேன். பத்துத் தாளில் ஒரு வரிகூட விளங்கவில்லை. ஒன்றே ஒன்று விளங்கியது. ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதே எண்ணைக் கூட்டி, நாற்பத்தொன்றையும் கூட்டினால் வருவது எப்போதும் பகா எண்ணா, நிரூபி அல்லது மறுத்துக் காட்டு. அதற்குக் கீழே கிழிந்திருந்தது. பகா எண் எனக்குத் தெரியும். ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாதது. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன், அதனால் எனக்கு எல்லாமே இரண்டு தடவை தெரியும்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு நாற்பத்து மூன்று. இரண்டுக்கு நாற்பத்தேழு. மூன்றுக்கு ஐம்பத்து மூன்று. வகுபடவில்லை. நான்கு சாயங்காலம் உட்கார்ந்து இருபத்தாறு வரைக்கும் வந்துவிட்டேன், எழுநூற்று நாற்பத்து மூன்று. அதுவும் வகுபடவில்லை. ஆகவே எப்போதும் பகா எண்தான் என்று என் தீர்ப்பு. சரியா என்று பார்க்கப் பின்னட்டையில் விடை இல்லாததால் உன்னைக் கேட்கிறேன்.

இதை எழுதும்போது ஒரு ஞாபகம். நீ சின்ன வகுப்பில் படிக்கும்போது நான் உன் கணக்கைத் திருத்துவேனே. சிவப்புப் பேனாவைச் சட்டையில் குத்திக்கொண்டு பெரிய வாத்தியார் மாதிரி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மடியில் மறைத்துவைத்துப் பார்த்துப் பார்த்து டிக் அடித்தேன். நீ ஏழாவதில் கண்டுபிடித்தாய். ஒரு கணக்கை நான் தப்பு என்று அடித்தேன், நீ சரிதான் என்று நின்றாய். அழவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னாய். மறுநாள் ஸ்கூலில் கேட்டு வந்து, "புத்தகத்துலதான் தப்பா அச்சடிச்சிருக்காக. நீங்க எம்புட்டு நாளாப் பின்னாடி பாக்குறீக?" என்றாய். அன்றோடு என் உத்தியோகம் போயிற்று. அந்தச் சிவப்புப் பேனாவை அதற்கப்புறம் பெட்டியில் நம்பர் எழுதத்தான் வைத்திருந்தேன். சொன்னால் சிரிப்பாய், அந்த வேலை போனது எனக்கு ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது.

அப்ளிகேஷன் போடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அம்மா சொல்லச் சொன்னாள் என்று வைத்துக்கொள்.

அப்பா


மகளிர் விடுதி, சென்னை
25 அக்டோபர் 2024

அப்பா,

தாள்கள் வந்தன. அறை முழுவதும் பன்னீர்த் திராட்சை வாசனை. பக்கத்துக் கட்டில் பெண் சிம்ரன், வீட்டிலிருந்து பழம் வந்திருக்கிறதா என்று கேட்டாள். கணக்கு வந்திருக்கிறது என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

நீங்கள் சிப்ஸ்காரர் பின்னால் ஓடியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு, சிரித்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

உங்கள் தீர்ப்பு தப்பு. இருபத்தாறு வரை சரியாக வந்தது என்றால் இருபத்தாறு வரை சரி, அவ்வளவுதான். "எப்போதும்" என்று யாராவது சொன்னால் அதை நம்ப நூறு உதாரணம் போதாது, உடைக்க ஒன்று போதும். அதற்கு எதிர்க்காட்டு என்று பெயர். நாற்பதைப் போட்டுப் பாருங்கள். விடையை நான் சொல்ல மாட்டேன், பின்னட்டையும் கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொல்ல முடியாமல்தான் எழுதச் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தத் தாள்கள் தேர்வுக்கு இல்லை அப்பா. தேர்வுக்கு வேண்டிய கணக்குகள் நூலகத்தில் இருக்கின்றன, எவ்வளவு வேண்டுமானாலும். இங்கே வந்து எழுதிய முதல் பரீட்சையில் எனக்கு ஐம்பதுக்குப் பதினேழு. கூடப் படிக்கிறவர்கள் வகுப்பில் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறார்கள். நான் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் யோசித்தால் கேள்வியே அப்போதுதான் புரிகிறது. இரண்டாவது மாதத்திலிருந்து பயிற்சித் தாளைப் பிரிக்கவே பயமாகிவிட்டது. நான் எப்போதாவது நன்றாகப் போட்டேனா, அல்லது மதுரையில் போட்டி இல்லாததால் அப்படித் தோன்றியதா என்று சந்தேகம். அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். நான் ஒரு காலத்தில் கணக்குப் போட்டேன் என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால்தான் உங்கள்மேல் அவ்வளவு கோபம்.

இப்போது சாட்சி இல்லை. விண்ணப்பத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. மனம் மாறவில்லை. பதினேழு வாங்கியவள் ஆராய்ச்சிக்கு எழுதுகிறேன் என்றால் நீங்களே பகடி செய்வீர்கள்.

அம்மாவிடம் பதினேழைச் சொல்ல வேண்டாம்.

கிளாரா


ராயப்பன்பட்டி
29 அக்டோபர் 2024

அன்பு மகள் கிளாராவுக்கு,

இருபத்தேழிலிருந்து வரிசையாகப் போட்டு நாற்பதுக்கு வந்தேன். ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொன்று. முதலில் மூன்றால் வகுத்தேன், ஏழால் வகுத்தேன், பதின்மூன்றால் வகுத்தேன், போகவில்லை. கிளாரா நம்மை ஏமாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டே மேலே போனேன். நாற்பத்தொன்றில் விழுந்தது. நாற்பத்தொன்றை நாற்பத்தொன்றால் பெருக்கியது. முப்பத்தொன்பது தடவை ஒழுங்காக இருந்துவிட்டு நாற்பதாவதில் இப்படிச் செய்ய ஒரு எண்ணுக்கு எப்படி மனசு வந்தது என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கா ரெண்டு நாளா மருந்தடிக்கப் போகாம உக்காந்துருக்கீக?" என்றாள்.

பதினேழை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். அவளாகவே கேட்டாள், "மார்க்கு கொறஞ்சிருச்சா அவளுக்கு?" என்று. நான் திராட்சை விலையைப் பற்றிப் பேசினேன்.

நீ சொல்லிக் கொடுத்த எதிர்க்காட்டை வைத்து உன்னிடமே ஒன்று கேட்கப் போகிறேன். போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில், நான் ஒருநாளும் உன் படிப்பைப் பெரிதாக நினைத்ததில்லை என்று எழுதியிருந்தாய். யோசித்து எழுதியதாகவும் எழுதியிருந்தாய். ஒருநாளும் என்றால், உடைக்க எனக்கு ஒரு நாள் கிடைத்தால் போதும்தானே.

நீ ஒன்பதாவது படிக்கும்போது தேனியில் கணக்குப் போட்டி. அன்றைக்கு பஸ் ஓடவில்லை. உன்னை மினி லாரியில் பழப்பெட்டிக்கு நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். முன்னால் இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். சின்னமனூர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வண்டியில் ஒரே தார்ப்பாய். நீ நனைந்தால் போட்டிக்கு ஈரத்தோடு போக வேண்டும். பழம் நனைந்தால் ஏலத்தில் யாரும் தொடமாட்டார்கள். தார்ப்பாயை உன்மேல்தான் போட்டேன். உள்ளே நீ டார்ச் அடித்துப் படித்துக்கொண்டே வந்தாய், மழை பெய்ததே உனக்குத் தெரியாது. போட்டியில் உனக்குப் பரிசு ஒன்றும் வரவில்லை. பழமும் ஏலம் போகவில்லை. ஊர் திரும்பும்போது இரண்டு பேரும் நனைந்த திராட்சையைத் தின்றுகொண்டே வந்தோம். அதுவரை எத்தனை தடவை பகடி செய்தேனோ, அதற்குப் பிறகு எத்தனை தடவையோ, அதற்கெல்லாம் கணக்கு என்னிடம் இல்லை. இந்த ஒரு நாள் இருக்கிறது.

அப்புறம் சாட்சி விஷயம். பரணில் கிடந்த கட்டை நான் அடையாளம் காணவில்லை, அது உண்மை. ஆனால் நீ அதை எழுதியதைப் பார்த்திருக்கிறேன். லீவுக்கு வந்தால் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கட்டிலைப் போட்டு உட்காருவாய். நான் மேலே கொடி கட்டிக்கொண்டு இருப்பேன். கணக்கு முட்டிக்கொண்டால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவாய். சத்தம் எனக்குக் கேட்கும். கணக்கு வந்துவிட்டால் எழுந்து போய் மோட்டார் ரூம் குடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பாய். தாகம் என்றால் அப்படிக் குடிக்க மாட்டாய், நின்று நிதானமாகக் குடிப்பாய். ஒருநாள் நீ தண்ணீர் குடிக்காமல் இருட்டுகிறவரை உட்கார்ந்திருந்தாய். மறுநாள் பல் விளக்குவதற்கு முன்னால் குடத்துக்குப் போனதைப் பார்த்து, நான் மேலே நின்று சிரித்துக்கொண்டேன். மதுரைப் போட்டி, சென்னைப் போட்டி எல்லாம் எனக்குத் தெரியாது. பந்தலுக்கு அடியில் யாரும் உன்னோடு போட்டி போடவில்லை. இருந்தும் கணக்கு வந்தது.

பகடி செய்வேன் என்று எழுதியிருந்தாய். நான் செய்வேன்தான். அதற்குப் பயந்து விட்டுவிடாதே.

இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். தீபாவளி லீவு குறுக்கே வருகிறது.

அப்பா


மகளிர் விடுதி, சென்னை
4 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

"ஒருநாளும்" மறுக்கப்பட்டது. ஒரு நாள் போதும். நிரூபணத்தில் குறை இல்லை.

தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது என்பது எனக்கு இதுவரை தெரியாது. பழத்துக்கும் ஒன்று இருக்கிறது என்று நினைத்திருந்தேன். திரும்பி வரும்போது நீங்கள் ஏன் அவ்வளவு பழம் தின்னச் சொன்னீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று மத்தியானம், கீழ்ப்பாதி கிழிந்த தாள்களில் இன்னொன்றை எடுத்தேன், நாற்பத்தொன்று இல்லாத தாள். கேள்வி மட்டும் முழுதாக இருந்தது. முன்பு எப்படிப் போட்டேன் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வரவில்லை. சரி என்று புதிதாகத் தொடங்கினேன். முதல் வழி முட்டியது. இரண்டாவது வழி ஒரு பக்கம் போய் முட்டியது. சிம்ரன் சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், எதிலிருந்து தொடங்கினேனோ அதைத் திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றியது. ஆறு வரியில் முடிந்தது. மதுரையில் இரண்டாம் வருடத்தில் இதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பேன், அந்த வயதில் எல்லாவற்றையும் நீட்டித்தான் எழுதுவேன்.

சரிபார்த்து முடித்து நிமிர்ந்தபோது தாழ்வாரத்தில் தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்து வந்தேன் என்று தெரியாது. இருபத்திரண்டு வருடமாக எனக்கே தெரியாத ஒன்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அங்கே கொடி கட்டினீர்களா, என்னைப் பார்த்தீர்களா?

இன்று காலை விண்ணப்பித்துவிட்டேன். பதினேழு பதினேழாகவே இருக்கிறது, அது மாறவில்லை. இந்தத் தேர்வில் வராமலும் போகலாம். அது வேறு விஷயம்.

தேர்வு மையம் என்ற இடத்தில் சென்னை என்று தானாகவே வந்திருந்தது. அதை மாற்றி மதுரை என்று போட்டேன். ஜனவரி 19, ஞாயிறு. இரண்டு நாள் முன்னதாக ஊருக்கு வந்துவிடுவேன்.

மதுரைக்கு என்னோடு ஒருவர் வர வேண்டும். இங்கே பார்க்கிறேன், தேர்வு முடிந்து வெளியே வந்ததும் எல்லாரும் வாசலிலேயே நின்று எந்தக் கேள்விக்கு என்ன விடை என்று பேசுகிறார்கள். எனக்கு அது ஆகாது. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஆள் வேண்டும். எப்படி எழுதினாய் என்றுகூடக் கேட்கக் கூடாது. யாரையாவது தெரியுமா?

கிளாரா


ராயப்பன்பட்டி
9 நவம்பர் 2024

அன்பு மகள் கிளாராவுக்கு,

ஆளைத் தெரியும். பத்தாவது இரண்டு அட்டெம்ப்ட். பகா எண்ணில் ஏற்கெனவே ஒரு தப்புத் தீர்ப்புக் கொடுத்தவர். கணக்கைப் பற்றி அவர் பேசினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. அன்றைக்கு வெட்டு வைக்க வேண்டாம் என்று வியாபாரியிடம் இப்போதே சொல்லிவிட்டார்.

அம்மாவும் வருகிறேன் என்கிறாள். அங்கேதான் சிக்கல். எப்படி எழுதினாய் என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. ஆகவே பயிற்சி வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் நான் தோட்டத்திலிருந்து உள்ளே வருவேன், என்ன ஆயிற்று, மருந்து அடித்தாயிற்றா, மோட்டார் ஓடுகிறதா என்று அவள் ஒன்றும் கேட்கக் கூடாது. முதல் நாள் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்டுவிட்டாள். இரண்டாம் நாள் கேட்கவில்லை, ஆனால் கண்ணாலேயே கேட்டாள். அந்த நாளையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். நேற்று காபியைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். நாலு நிமிசம் ஓடியது. நான் குடித்து முடித்தேன். அதற்குள் எனக்கே பொறுக்கவில்லை. "ஏன்டி, ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்று நான்தான் கேட்டேன்.

உள்ளேயிருந்து, "இதுல பெயிலானது யாரு?" என்று குரல் மட்டும் வந்தது.

ஜனவரிக்கு இன்னும் எழுபத்தொரு நாள் இருக்கிறது. இரண்டு பேரும் விடாமல் பயிற்சி எடுக்கிறோம்.

அப்பா